பழைய மோட்டார் எஞ்சின்களில் டைமிங் சங்கிலியின் தேய்வும் மசகெண்ணெயும்

தாமிரபரணிப் பாசனத்தைச் சேர்ந்த கிராமங்களில் பழைய மோட்டார் வண்டியொன்றை இன்றளவும் வைத்து ஓட்டி வரும் நிலச்சுவான்தார் குடும்பங்கள் உண்டு. கல்கத்தாவை அடுத்த உத்தர்பாராவில் 1957 முதல் 2014 வரை உற்பத்தியான அம்பாஸடர், பம்பாயில் செய்யப்பட்ட பியட் 1100, அதன் வழிவந்த பிரீமியர் பத்மினி, சென்னையிலிருந்து 1961 முதல் வெளிவந்த ஸ்டாண்டர்டு ஹெரால்டு ஆகியவை இவ்வகையில் குறிப்பிடத்தக்கவை. இவற்றின் உற்பத்தி நின்று வெகு காலமாகிவிட்டபடியால், கெட்டுப்போன எஞ்சினுக்குப் பதிலாகப் புதிய எஞ்சின் தொழிற்சாலையிலிருந்து வருவதற்கில்லை. கையிலுள்ளதைப் பேணுவதொன்றே வழி. இந்த எஞ்சின்கள் யாவற்றிலும் முன்புறத்து மூடிக்குள், கண்ணுக்குப் புலப்படாமல் ஒரு சங்கிலி ஓடிக்கொண்டிருக்கிறது. அதனை டைமிங் சங்கிலி என்பர். சொந்தக்காரர்களால் மிகவும் அலட்சியம் செய்யப்படுவதும், மிகச் சொற்பச் செலவில் பாதுகாக்கக்கூடியதுமான உறுப்பு இதுவே.

கிணற்றுப் பாசனத்துக்குப் பயன்படும் ஆயில் எஞ்சினையும் டிராக்டரையும் பழகிய விவசாயிகளுக்கு இச்சங்கிலி புதிதாகத் தோன்றலாம். அவ்வியந்திரங்களில் பெரும்பாலானவற்றில் இதே வேலையைப் பற்சக்கரங்கள் நேருக்கு நேர் பொருந்திச் செய்கின்றன. வில்லிஸ் எஞ்சின் பூட்டிய பழைய ஜீப்புகளிலும் அப்படியே. பற்சக்கரம் முரட்டு உழைப்புக்கு ஏற்றது. ஆனால் ஓசை மிகுந்தது. குடும்பத்தார் உட்கார்ந்து பிரயாணம் செய்யும் வண்டியில் அமைதி வேண்டுமென்று கருதிய பொறியாளர்கள் சங்கிலியை நாடினர். ஆகையால், சங்கிலி பூட்டிய எஞ்சின் சத்தம் போடத் தொடங்கினால் அதற்கு ஏதோ ஒரு காரணம் இருந்தே தீரும்.

சங்கிலியின் வேலை

எஞ்சினின் அடியில் சுழலும் கிராங்க் தண்டு வண்டியை இழுக்கிறது. அதன் பக்கத்தில் அல்லது மேலே சுழலும் காம் தண்டு, பெட்ரோல் ஆவி உட்புகும் வால்வையும் புகை வெளியேறும் வால்வையும் உரிய காலத்தில் திறக்கிறது. கிராங்க் தண்டு இரண்டு சுற்றுச் சுற்றும்போது காம் தண்டு ஒரே சுற்றுத்தான் சுற்ற வேண்டும். ஆகவே கிராங்க் தண்டின் சிறு பற்சக்கரத்தைக் காட்டிலும் காம் தண்டின் பற்சக்கரத்துக்குச் சரியாக இரு மடங்கு பற்கள் அமைக்கப்படுகின்றன. இரண்டையும் சங்கிலி பிணைக்கிறது. தீப்பொறியைப் பங்கிட்டு அனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டரும் அம்பாஸடர் போன்ற வண்டிகளில் காம் தண்டினாலேயே சுழற்றப்படுகிறது. எனவே வால்வுகளின் நேரம், பொறியின் நேரம் ஆகிய இரண்டும் இந்த ஒரு சங்கிலியைச் சார்ந்து நிற்கின்றன. மடை திறக்கும் முறையை வைத்திருக்கும் நீர்ப்பாய்ச்சி நேரம் தவறினால் வயல்கள் எவ்வாறு பாழ்படுமோ, அதனையொத்த நிலையே இங்கும்.

சங்கிலி நீளுகிறதா?

பட்டறைகளில் "செயின் நீண்டுவிட்டது" என்று சொல்வது வழக்கம். இச்சொல் பலரைத் தவறான எண்ணத்துக்கு இட்டுச் செல்கிறது. சணற்கயிறு நீருண்டும் பளுவுண்டும் நீளுவதுபோல எஃகுத் தகடு நீளுவதில்லை. நீளம் கூடுவது உண்மையே. அது கூடுவது வேறொரு வழியில்.

இச்சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியிலும் ஒரு முளையும், அம்முளையைச் சுற்றி ஒரு குழலும், குழலின் மேல் ஒரு உருளையும் உண்டு. பட்டறையார் இவற்றைப் பின், புஷ், ரோலர் என்பர். இவ்வமைப்பைக் கண்டவர் ஹான்ஸ் ரெனால்டு என்பவர். சுவிட்சர்லாந்தில் பிறந்து இங்கிலாந்தில் மாஞ்செஸ்டர் நகரில் தொழில் நடத்திய அவர் 1880ஆம் ஆண்டில் இதனைச் செய்தார். அதற்கு முன்னிருந்த சங்கிலிகளில் முளையின் பளு முழுவதும் தகட்டின் மெல்லிய விளிம்பின் மீதே விழுந்தது; முளை விரைவில் அறுபட்டது. குழலை இடையில் வைத்ததனால் பளு முளையின் நீளம் முழுவதும் பரவியது. சைக்கிள் சங்கிலி முதல் நெல் அறுவடை இயந்திரத்தின் சங்கிலி வரை, இன்றுள்ள உருளைச் சங்கிலிகளுக்கெல்லாம் மூலம் அதுவே.

பற்சக்கரத்தைச் சுற்றி வளையும்போது ஒவ்வொரு கண்ணியிலும் முளை தன் குழலுக்குள் சிறிது திரும்புகிறது. நேராகும்போது மறுபடியும் திரும்புகிறது. தேய்வு நிகழ்வது அவ்விடத்திலேயே. முளைக்கும் குழலுக்கும் நடுவில் எண்ணெய் படிந்திருந்தால் இரும்பு இரும்பைத் தொடுவதில்லை. எண்ணெய் வற்றினாலும், அதில் தூசு கலந்தாலும், முளை ஒருபுறமும் குழல் ஒருபுறமும் உராய்ந்து குறைகின்றன. மாட்டு வண்டியில் அச்சுக்கு வண்டிமை இடாமல் ஓட்டினால் குடத்தின் துளை பெரிதாகிச் சக்கரம் ஆடுவதைக் காணாத விவசாயி இல்லை. அதே ஆட்டம் சங்கிலியில் ஒவ்வொரு கண்ணிக்குள்ளும் உண்டாகிறது.

ஒரு கணக்கைப் பார்த்தால் இதன் தன்மை விளங்கும். அம்பாஸடரின் 1489 கன சென்டிமீட்டர் எஞ்சின், இங்கிலாந்தின் பி.எம்.சி. நிறுவனத்தார் வகுத்த வகையைச் சேர்ந்தது. அவ்வகை எஞ்சின்களில் வழக்கமாகக் காணப்படும் சங்கிலியில் 52 கண்ணிகள். கண்ணிக்குக் கண்ணி இடைவெளி ஒரு அங்குலத்தில் எட்டில் மூன்று பாகம், அதாவது 9.525 மில்லிமீட்டர். மொத்த நீளம் 495 மில்லிமீட்டர். ஒவ்வொரு கண்ணியிலும் ஒரு காகிதத் தாளின் கனமாகிய பத்தில் ஒரு மில்லிமீட்டர் தேய்ந்தால், சங்கிலி முழுவதும் ஐந்து மில்லிமீட்டருக்குச் சற்று அதிகமாக நீண்டுவிடும். அது நூற்றுக்கு ஒரு பங்கு. வயலில் ஓடும் இயந்திரங்களின் பகிரங்கமான சங்கிலிகள் நூற்றுக்கு இரண்டு மூன்று பங்கு நீளும் வரை உழைக்கலாம். அங்கே சக்கரத்தைப் பின்தள்ளி இறுக்க வசதி உண்டு. மூடிக்குள் ஓடும் டைமிங் சங்கிலிக்கு அவ்வசதி இல்லை. நூற்றுக்கு ஒரு பங்கு என்பதே அதற்கு எல்லையென்று கொள்ளத் தகும்.

தேய்வினால் வண்டியின் வலு பெரிதும் குன்றிவிடும் என்று சிலர் கூறுவது மிகைப்படக் கூறுவதாகும். மேற்சொன்ன அளவு தேய்வினால் வால்வுகள் பிந்துவது கிராங்க் தண்டின் கணக்கில் இரண்டொரு பாகைதான். உண்மையான அபாயம் வேறு. தொய்ந்த சங்கிலி ஓட்டத்தில் சாட்டைபோல் விசிறுகிறது. முதலில் அது தன்னை அணைத்துப் பிடிக்கும் ரப்பர்ப் பட்டையை அரிக்கிறது. பிறகு மூடியின் உட்சுவரை அரிக்கிறது. அரிபட்ட துணுக்குகள் அடித்தொட்டியில் வீழ்ந்து எண்ணெயை உறிஞ்சும் வலையை அடைக்கின்றன. கடைசியில் சங்கிலி ஒரு பல்லைத் தாண்டிவிடலாம். இருபது பல்லுள்ள சக்கரத்தில் ஒரு பல் என்பது பதினெட்டுப் பாகை. இரண்டு பாகை பிந்தியும் இழுத்த எஞ்சின் பதினெட்டுப் பாகை பிந்தினால் ஏற்றத்தில் ஏறாது. சங்கிலி அறுந்தே போனால், நின்ற இடத்திலிருந்து கயிறு கட்டி இழுப்பதன்றி வேறு மார்க்கமில்லை.

கடைமடைக்கு எண்ணெய் சேரும் விதம்

மசகெண்ணெய் எஞ்சினுக்குள் பாயும் வழியைத் தாமிரபரணிப் பாசனத்தோடு ஒப்பிட்டுச் சொல்வது இப்பகுதியாருக்கு எளிதில் விளங்கும். பாபநாசம் அணையிலிருந்து விடப்படும் நீர், கோடைமேலழகியான் அணைக்கட்டு முதலாக ஒவ்வொன்றாய்க் கால்வாய்களை நிரப்பிக்கொண்டு, மருதூரையும் கடந்து, எட்டாவதாகிய ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டை அடைகிறது. மேலே உள்ளவர்கள் மிகுதியாக எடுத்துவிட்டாலும், ஆற்றில் வரத்துக் குறைந்தாலும், முதலில் வாடுவது கடைமடைப் பயிரே.

எஞ்சினிலும் இவ்வாறே. அடித்தொட்டியிலுள்ள எண்ணெயைப் பம்பு இறைக்கிறது; அது வடிகட்டியின் வழியாகப் பெருங்குழாயை அடைகிறது; அங்கிருந்து கிராங்க் தண்டின் பேரிங்குகளுக்கும், பின்னர் காம் தண்டின் பேரிங்குகளுக்கும் செல்கிறது. முன்புறத்துக் காம் பேரிங்கிலிருந்து கசிந்து வருவதும், சிறு துளையொன்றின் வழியே தெறிப்பதுமான சொற்ப எண்ணெயே சங்கிலிக்குக் கிடைக்கிறது. மேல்மடையாகிய கிராங்க் பேரிங்குகள் தேய்ந்து இடைவெளி பெருத்திருந்தால் எண்ணெய் அங்கேயே வழிந்தோடிவிடும். எண்ணெயின் மட்டம் குறைந்திருந்தால் திருப்பங்களில் பம்பு காற்றை உறிஞ்சும். எண்ணெயில் வண்டல் சேர்ந்திருந்தால் சிறு துளைகள் தூர்ந்துவிடும். எந்த வகையிலாயினும் கஷ்டம் முதலில் வருவது சங்கிலிக்கே. அம்பாஸடர் எஞ்சின் வகையில் சங்கிலியின் தொய்வை வாங்கும் டென்ஷனர் என்னும் கருவியும் எண்ணெயின் அழுத்தத்தையே நம்பியது. அதனுள் இருக்கும் சிறு பிஸ்டனை எண்ணெய் தள்ளினால்தான் பட்டை சங்கிலியின் மேல் அழுந்தும். ஹெரால்டு வண்டியில் இதற்குப் பதிலாக வளைந்த வில்தகடு ஒன்று மூடிக்குள் பொருத்தப்பட்டிருக்கிறது. அதற்கு எண்ணெய் அழுத்தம் வேண்டியதில்லை. ஆயினும் சங்கிலி அதன் மேல் உராய்ந்து வரிவரியாக அறுப்பது உண்டு.

இப்பகுதியில் தேய்வு விரைவதற்கான காரணங்கள்

முதற்காரணம் தூசு. ஆடிக் காற்று மலைக் கணவாய்களின் வழியே இறங்கிச் சமவெளியில் வீசும் மாதங்களில் புழுதியில்லாத சாலை அரிது. சாத்தான்குளம், உடன்குடி, திருச்செந்தூர்ப் பக்கங்களிலுள்ள செந்தேரி மணல் இன்னும் பொல்லாதது. அம்மணலின் பெரும்பகுதி சாதாரண இரும்பைக் கீறும் கடினமுள்ள படிகக்கல் துகளாகும். காற்று வடிகட்டி பழுதுபட்டிருந்தாலும், எண்ணெய் ஊற்றும் வாயின் மூடி தளர்ந்திருந்தாலும், இத்துகள் எண்ணெயில் கலந்து, முளைக்கும் குழலுக்கும் நடுவே சாணைப்பொடிபோல் வேலை செய்யும். பழைய வண்டிகளில் சிலவற்றில் காற்றை எண்ணெய்த் தட்டின் மீது செலுத்தித் தூசு நீக்கும் வடிகட்டி உண்டு. காகித வடிகட்டியைவிடத் தாழ்ந்ததென்று அதைக் கழற்றி எறிபவர்கள் பலர். தட்டைக் கழுவிப் புது எண்ணெய் விட்டு வைத்தால் அது நன்றாகவே உழைக்கும். தட்டில் எண்ணெயே இல்லாமல் ஓட்டுவதுதான் கேடு.

இரண்டாவது, குறுகிய ஓட்டம். கல்லிடைக்குறிச்சியிலிருந்து ஆற்றைக் கடந்து அம்பாசமுத்திரத்துக்குப் போய் வருவது, வீட்டிலிருந்து களத்துக்குப் போய் வருவது என்று இரண்டு மூன்று கிலோமீட்டர் மட்டுமே ஓடும் வண்டியில் எஞ்சின் நன்றாகச் சூடேறுவதில்லை. எரியாத பெட்ரோல் உருளைச் சுவரில் வழிந்து எண்ணெயை நீர்க்கச் செய்கிறது. எரிதலில் உண்டாகும் நீராவி குளிர்ந்து எண்ணெயோடு கலக்கிறது. எண்ணெய் ஊற்றும் மூடியின் உட்புறத்தில் மோர்போல் வெளுத்த பசை காணப்பட்டால் இதுவே காரணம் எனக் கொள்ளலாம். வாரத்துக்கொரு முறை கொட்டகைக்குள்ளேயே ஐந்து நிமிஷம் எஞ்சினை ஓட்டி நிறுத்துவது வண்டிக்கு நன்மையென்று பலர் எண்ணுகின்றனர். உண்மையில் அது தீமையே செய்கிறது. பதினைந்து நாளைக்கொரு முறையாயினும் திருநெல்வேலியிலிருந்து சேரன்மாதேவி வரையிலான தூரம், ஏறக்குறைய இருபது கிலோமீட்டர், ஓட்டினால் சேர்ந்த நீரும் பெட்ரோலும் ஆவியாகி வெளியேறும்.

மூன்றாவது காரணம், டீசல் வண்டிகளுக்கு உரியது. டீசல் புகையின் கரி மிக நுண்ணியது; எண்ணெயில் கலந்து மிதந்து, எண்ணெய்ப் படலத்தை ஊடுருவிச் சங்கிலியின் முளைகளைத் தேய்க்கிறது. டீசல் அம்பாஸடர் வைத்திருப்போர் பெட்ரோல் வண்டிக்காரரைவிட முன்னதாகவே எண்ணெய் மாற்றுவது நலம். இரண்டாம் உலக யுத்த காலத்தில் பெட்ரோல் பஞ்சம் ஏற்பட்டபோது கரிவாயுவால் பஸ்கள் ஓடின. திருக்குறுங்குடியில் 1877இல் பிறந்தவரும், 1911இல் தொடங்கிய டி.வி.எஸ். நிறுவனத்தின் ஸ்தாபகருமான டி.வி. சுந்தரம் ஐயங்கார் அத்தகைய கரிவாயுக் கருவிகளைச் செய்து அளித்தார். அவ்வாறு ஓடிய வண்டிகளில் வாயுவைச் சுத்தம் செய்வதே பெரும் பாடாயிருந்தது. சுத்தம் தவறினால் கரியும் சாம்பலும் எஞ்சினுக்குள் சேர்ந்துவிடும்.

நான்காவதாக வெள்ளம். 2023ஆம் ஆண்டு டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த பெருமழையில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை பதிவாயிற்று. தாமிரபரணியின் இரு கரையிலும் எத்தனையோ வண்டிகள் நீரில் மூழ்கின. நீர் வடிந்ததும் சாவியைத் திருப்பி எஞ்சின் ஓடுகிறதா என்று பார்ப்பது மனித இயல்பு. ஆனால் செய்யத்தகாத காரியம் அது. மூழ்கிய எஞ்சினில் அடித்தொட்டியின் எண்ணெய்க்குக் கீழே நீர் தங்கியிருக்கும். பம்பு முதலில் உறிஞ்சுவது அந்நீரைத்தான். முன்னதாகவே எண்ணெயையும் வடிகட்டியையும் அகற்றிவிட்டு, பிளக்குகளைக் கழற்றி, உருளைக்குள் நீர் புகவில்லையென்று கண்டு, புது எண்ணெய் விட்டுக் கையால் சுழற்றிய பிறகே எஞ்சினைத் துவக்க வேண்டும். அரைமணி நேரம் ஓட்டி அந்த எண்ணெயையும் வடித்துவிட வேண்டும். இவ்வாறு செய்யாமல் நாட்கணக்கில் விடப்படும் வண்டியில் முளையும் குழலும் துருவேறும். துருவேறிய கண்ணி பிறகு எவ்வளவு எண்ணெய் விட்டாலும் தேறாது. வெள்ளம் பாதித்த கிராமங்களில் சேதக் கணக்கு எடுக்கச் செல்லும் கிராம நிர்வாக அலுவலர்கள் இந்த ஒரு வார்த்தையைச் சொல்லி வருவார்களானால் அநேக எஞ்சின்கள் பிழைக்கும்.

எந்த எண்ணெய், எப்பொழுது

சித்திரை, வைகாசியில் நாற்பது பாகை வெப்பம் காணும் இப்பகுதிக்கு, பழைய பெட்ரோல் எஞ்சின்களில் 20டபிள்யூ-40 அல்லது 20டபிள்யூ-50 என்று குறிக்கப்பட்ட எண்ணெயே பொருந்தும். தற்காலத்துச் சிறு கார்களுக்கென விற்கப்படும் மெல்லிய எண்ணெய் இவற்றுக்கு ஏற்றதல்ல. அது பேரிங்குகளின் அகன்ற இடைவெளியில் வழிந்துவிடுவது ஒரு காரணம். புகைக்குழாயிலுள்ள சுத்திகரிப்புக் கருவி கெடாதிருக்கும் பொருட்டு அதில் பாஸ்பரஸின் அளவு குறைக்கப்பட்டிருப்பது மற்றொரு காரணம். அந்தப் பாஸ்பரஸ் சேர்க்கையே பழைய எஞ்சின்களில் காம் தண்டும் டாப்பெட்டும் உராயும் இடத்தைக் காப்பது. அமெரிக்கப் பெட்ரோலியக் கழகம் 2020ஆம் ஆண்டு மே மாதம் நடைமுறைக்குக் கொண்டுவந்த எஸ்.பி. என்னும் தரத்தில் டைமிங் சங்கிலியின் தேய்வை அளப்பதற்கென்றே தனிச் சோதனை சேர்க்கப்பட்டது. புதிய எஞ்சின்களிலும் எண்ணெயின் குற்றத்தால் சங்கிலி தேய்கிறதென்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

சத்தத்தை அடக்குவதற்காகப் பல்பெட்டிக்கு விடும் கெட்டியான எண்ணெயைக் கலந்து ஊற்றும் வழக்கம் சில இடங்களில் உண்டு. சத்தம் சில நாள் அடங்கும். ஆனால் காலை வேளையில் அந்தக் கூழ் கடைமடைக்கு வந்து சேர்வதற்குள் சங்கிலி வறண்டு ஓடியிருக்கும். வண்டி விற்க வருபவர் இவ்வுபாயத்தைச் செய்திருக்கக் கூடுமாதலால், வாங்குபவர் அளவுகோலை எடுத்து எண்ணெயை விரலில் தொட்டுப் பார்ப்பது நன்று. சீல் இல்லாத டின்னிலிருந்து அளந்து விற்கும் எண்ணெயையும் விலக்க வேண்டும். ஆமணக்கெண்ணெய் ஒரு காலத்தில் பந்தய மோட்டார்களிலும் ஆகாய விமானங்களிலும் பயன்பட்டதுண்டு. காஸ்ட்ரால் என்னும் பெயரே ஆமணக்கின் ஆங்கிலப் பெயரிலிருந்து வந்தது. அதனைக் கேள்வியுற்று வீட்டில் ஆட்டிய எண்ணெயை எஞ்சினில் விட்டுப் பார்க்க எவரும் முற்பட வேண்டாம். வெப்பத்தில் அது பிசினாகி எண்ணெய் வழிகளை அடைத்துவிடும்.

ஐயாயிரம் கிலோமீட்டருக்கொரு முறை எண்ணெய் மாற்றுவது பொது விதி. ஆண்டுக்கு ஆயிரம் கிலோமீட்டர்கூட ஓடாத வண்டிக்கு அவ்விதி பயன்படாது. நின்ற வண்டியிலும் எண்ணெய் கெடுகிறது. ஆகவே கிலோமீட்டரை எண்ணுவதை விட்டுப் பஞ்சாங்கத்தைப் பார்ப்பதே இப்பகுதியாருக்கு உசிதம். கார் சாகுபடிக்கு நீர் திறக்கும் வைகாசி ஆனியில் ஒரு முறை, பிசானத்துக்கு நாற்றுவிடும் புரட்டாசி ஐப்பசியில் ஒரு முறை என்று வைத்துக்கொண்டால் மறப்பதற்கிடமில்லை. கார்ப் பருவம் காருக்கும் உரியதென்று நினைவு வைப்பது எளிது. ஒவ்வொரு முறையும் வடிகட்டியையும் மாற்ற வேண்டும். எஞ்சின் சூடாயிருக்கும்போதே வடித்தால் வண்டல் கூடவே இறங்கிவிடும். அம்பாஸடருக்கு ஏறக்குறைய நான்கு லிட்டர் எண்ணெய் கொள்ளும். அதன் விலையையும், எஞ்சினைப் பிரித்துப் போர் செய்து கூட்டும் செலவையும் பட்டறையில் கேட்டு ஒப்பிட்டால், எத்தனை வருஷத்து எண்ணெய் ஒரு முறை பிரிப்பதற்குச் சமம் என்பது தெரியவரும்.

வெகு நாள் நின்ற வண்டியைத் துவக்குமுன், பொறிச் சுருளுக்குச் செல்லும் கம்பியைக் கழற்றிவிட்டு, எண்ணெய் அழுத்த விளக்கு அணையும் வரை ஸ்டார்ட்டரால் சிறிது சிறிதாகச் சுற்றுவது நல்ல வழக்கம். எஞ்சின் ஓடாமலே எண்ணெய் கடைமடை வரை ஏறிவிடும். அதன் பின் கம்பியைப் பூட்டித் துவக்கலாம். துவங்கியவுடன் முடுக்கி மிதித்து உறுமச் செய்வது கூடாது.

சங்கிலியின் நிலையைக் கண்டறிதல்

காலையில் துவக்கியவுடன் முன்புறத்தில் இரண்டொரு வினாடி சலசலத்து, எண்ணெய் அழுத்தம் ஏறியதும் நின்றுவிடும் சத்தம் பெரிய கெடுதியைக் குறிப்பதல்ல. டென்ஷனர் நிரம்புவதற்குரிய இடைவேளை அது. அச்சத்தம் பத்து வினாடி, அரை நிமிஷமென்று நாளுக்கு நாள் நீண்டால் கவனிக்க வேண்டும். சூடேறிய பின்பும் மெதுவோட்டத்தில் சங்கிலி இழுபடுவதுபோலக் கேட்டு, முடுக்கியை விட்டவுடன் மிகுந்தால் சங்கிலி தொய்ந்திருக்கிறது. நீண்ட திருப்புளியின் நுனியை முன்மூடியில் ஊன்றிப் பிடியைக் காதோடு வைத்துக் கேட்டால் இடம் நன்கு தெரியும். விசிறியில் கை படாதபடி எச்சரிக்கை தேவை. டாப்பெட்டின் சத்தம் மேல்மூடியில், மெல்லிய டிக் டிக்கென்று கேட்கும். பெரிய பேரிங்கின் சத்தம் அடியிலிருந்து, பளு ஏறும்போது கனமாகக் கேட்கும். இம்மூன்றையும் பிரித்தறியாமல், சங்கிலி செய்த சத்தத்துக்காக எஞ்சின் முழுவதையும் பிரித்து வைத்த பட்டறைகள் உண்டு. அறுவடைப் பணத்தில் பெரும்பகுதி இப்படிச் செலவாவது வருந்தத்தக்கது.

காதை மட்டும் நம்பாமல் அளந்து பார்க்கவும் வழி இருக்கிறது. டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியைத் திறந்து, உள்ளே சுழலும் ரோட்டர் தெரியும்படி ஒருவர் நிற்க வேண்டும். மற்றொருவர் கிராங்க் தண்டை முன்புறமாகச் சிறிது திருப்பி நிறுத்தி, முன்புறக் கப்பியில் ஒரு குறியிட வேண்டும். பிறகு பின்புறமாக மெல்லத் திருப்பி, ரோட்டர் அசையத் தொடங்கும் கணத்தில் இரண்டாவது குறியிட வேண்டும். இரண்டு குறிகளுக்கும் இடையிலுள்ள தூரம் சங்கிலியின் தொய்வைக் காட்டும். இரண்டு மூன்று பாகை ஆட்டம் இயற்கை. ஐந்து பாகைக்கு மேற்பட்டால் அடுத்த பருவத்துக்குள் மாற்ற ஏற்பாடு செய்யலாம். பத்துப் பாகையை எட்டினால் காத்திருப்பதற்கில்லை. மேலே கணக்கிட்ட நூற்றுக்கு ஒரு பங்குத் தேய்வும் ஏறக்குறைய இப்பத்துப் பாகையும் ஒன்றுக்கொன்று ஒத்தே வருகின்றன. டென்ஷனர் பிடித்துக்கொண்டிருக்கும் எஞ்சினில் ஆட்டம் குறைவாகத் தோன்றலாமாதலால், அங்கே சிறிய அளவையும் அலட்சியம் செய்யக்கூடாது. பொறியின் நேரம் பிந்துகிறதென்று டிஸ்ட்ரிபியூட்டரைத் திருப்பி வைத்துச் சரிசெய்வது நோயை மறைக்கும் வைத்தியமாகும். அதனால் பொறி மாத்திரம் சரியாகும். வால்வுகள் பிந்தியே திறக்கும்.

மாற்றும்பொழுது

சங்கிலியை மட்டும் மாற்றிப் பழைய பற்சக்கரங்களை விட்டுவைப்பது சிக்கனமாகாது. தேய்ந்த பல் கொக்கிபோல் வளைந்து புதிய சங்கிலியைச் சீக்கிரமே அழிக்கும். டென்ஷனரின் பட்டையில் ஆழமான பள்ளம் விழுந்திருந்தால் அதையும், மூடியின் எண்ணெய் அடைப்பையும் கூடவே மாற்ற வேண்டும். ஒற்றை வரிசைச் சங்கிலியும் இரட்டை வரிசைச் சங்கிலியும் வெவ்வேறாதலால் பழையதைக் கையோடு எடுத்துச் சென்று ஒப்பிட்டு வாங்குவது உத்தமம். பஸ் போக்குவரத்தில் 1937இல் தொடங்கிச் சங்கிலி உற்பத்தியில் இறங்கிய கோயம்புத்தூர் எல்.ஜி. பாலகிருஷ்ணன் நிறுவனம் போன்றவை தமிழ்நாட்டிலேயே டைமிங் சங்கிலிகள் செய்து வருகின்றன; எல்லா வண்டிக்கும் சீமைச் சரக்கைத் தேட வேண்டியதில்லை.

பற்சக்கரம் இரண்டிலும் குறிப்புள்ளிகள் உண்டு. பி.எம்.சி. வகை எஞ்சினில் அவ்விரு புள்ளிகளும் ஒன்றையொன்று நோக்கி, இரு தண்டுகளின் மையத்தையும் சேர்க்கும் நேர்கோட்டில் நிற்கும்படி பூட்ட வேண்டும். பூட்டியபின் கிராங்க் தண்டைக் கையால் இரண்டு சுற்றுச் சுற்றி, புள்ளிகள் மறுபடியும் அதே இடத்தில் நிற்கின்றனவாவென்று சரிபார்த்த பிறகே மூடியை மாட்ட வேண்டும். மூடிக்குள் உள்ள எண்ணெய்த் தெறிப்புத் தட்டின் எந்த முகம் வெளியே இருந்ததோ, அதைக் கழற்றும்போதே குறித்துக்கொள்ளுதல் நல்லது. திருப்பி மாட்டினால் எண்ணெய் ஒழுகும். புதுச் சங்கிலிக்கு எண்ணெய் பூசாமல் பூட்டுவது பெருந்தவறு. அடித்தொட்டியை இறக்கிப் பழைய பட்டையின் துணுக்குகளையும் வலையில் சிக்கியவற்றையும் கழுவாமல் விட்டால் செய்த வேலை பாதிதான். ஐந்நூறு கிலோமீட்டர் ஓடியபின் எண்ணெயை ஒரு முறை மாற்றிவிட வேண்டும்.

இவ்வாறு பராமரிக்கப்பட்ட எஞ்சின், பதினைந்தாண்டு கடந்த சொந்த வண்டிகளுக்கு ஐந்தாண்டுக்கொரு முறை பதிவைப் புதுப்பிக்கும்போது நடைபெறும் தகுதிப் பரிசோதனைக்கும் உதவும். ஐம்பதாண்டு கடந்த வண்டிகளைப் பழம்பெரும் வாகனமாகப் பதிவு செய்துகொள்ள 2021ஆம் ஆண்டில் மத்திய அரசு விதி வகுத்திருக்கிறது. அப்படிப் பதிந்தவற்றை அன்றாடக் காரியத்துக்கோ வாடகைக்கோ ஓட்டக்கூடாதாகையால், களத்துக்கும் கடைவீதிக்கும் வண்டியை எடுத்துச் செல்பவர்கள் சாதாரணப் பதிவையே புதுப்பித்துக்கொள்வது பொருத்தம்.

வடித்த பழைய எண்ணெயை வாய்க்காலிலோ வயல் வரப்பிலோ கொட்டுவது சட்டப்படி குற்றமாகும். 2016ஆம் ஆண்டு விதிகளின்படி அது அபாயகரமான கழிவுப்பொருள். நீரின் மேல் அது படலமாகப் பரவி வெகு தூரம் செல்லும். கையில் படுவதும் தோலுக்குக் கெடுதியாதலால் வடித்தபின் சோப்பால் கழுவ வேண்டும். மூடியுள்ள டின்னில் சேர்த்து வைத்து, எண்ணெய் மாற்றும் பட்டறையின் மூலம் அனுமதி பெற்ற சுத்திகரிப்பாளரிடம் சேர்ப்பிக்கலாம். டின்னின் மேல் தேதியையும் வண்டி ஓடிய கிலோமீட்டரையும் எழுதி ஒட்டி வைத்தால், அடுத்த பருவத்தில் எண்ணெய் மாற்ற வேண்டிய நாளைத் தேட வேண்டியிராது.